சூரியக் குடும்பத்தில் அடுத்து எங்கே? கோள் ஆய்வு முன்னுரிமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாசா அடுத்த பத்தாண்டில் எந்தக் கோளுக்கு, எந்த நிலவுக்குக் கலம் அனுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. 'டெக்கேடல் சர்வே' எனப்படும் பத்தாண்டு அறிக்கைதான் அந்த வரிசையைப் போடுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2022 ஏப்ரல் 19 அன்று வெளியானது. 2023 முதல் 2032 வரைக்கானது. 700 பக்கங்களைத் தாண்டும் அந்த அறிக்கையைப் புரட்டத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கு இங்கே விடை சொல்கிறோம். செலவுகள் எல்லாம் டாலரில்.

இதை எழுதுவது நாசாவா?

இல்லை. நாசா கேட்கிறது, செலவை ஏற்கிறது. எழுதுவது அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள் அமைக்கும் குழு. அகாடமிகள் அரசுத் துறை அல்ல. குழுவில் இருப்பவர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை பார்க்கும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களும்தான். இந்த வேலைக்கென்று அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

வானியலாளர்கள் 1960களிலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். கோள் அறிவியலுக்கு இந்த வடிவில் முதல் அறிக்கை 2002இல், மைக்கேல் பெல்டன் தலைமையில் வந்தது. இரண்டாவது 2011இல், ஸ்டீவ் ஸ்கொயர்ஸ் தலைமையில். 2022 அறிக்கைக்கு ராபின் கேனப், பிலிப் கிறிஸ்டென்சன் இருவரும் இணைத் தலைவர்கள்.

நாசா இதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா?

அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது சட்டம். அதில் உள்ளதைச் செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் பட்ஜெட் சண்டையில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் எடுப்பது இதைத்தான்.

நியூ ஹொரைசன்ஸ் கதையைப் பார்த்தால் இதன் பலம் தெரியும். புளூட்டோவுக்கான முந்தைய திட்டத்தைச் செலவு அதிகம் என்று நாசா 2000இல் நிறுத்தியது. போட்டி வைத்து நியூ ஹொரைசன்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகும் வெள்ளை மாளிகையின் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. 2002 அறிக்கை நடுத்தரப் பயணங்களில் கைப்பர் பட்டை (நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் சுற்றும் பகுதி)–புளூட்டோ பயணத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதைக் காட்டி நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. 2006 ஜனவரியில் கிளம்பிய கலம் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தது.

மறுபக்கமும் உண்டு. 2022 அறிக்கை முதலிடம் கொடுத்த யுரேனஸ் பயணம், அறிக்கை கேட்ட வேகத்தில் தொடங்கப்படவில்லை. ஒரு திட்டத்தை வெட்டவிடாமல் காப்பாற்ற இந்த அறிக்கை நன்றாகவே உதவும். புதிதாக ஒன்றைத் தொடங்க வைக்கும் பலம் அதற்குக் குறைவு.

வேலை எப்படி நடக்கிறது?

அறிக்கைக்குச் சில ஆண்டுகள் முன்பே நாசா சில பயணக் கருத்துருக்களுக்குப் பணம் கொடுத்து, ஆரம்பநிலை வடிவமைப்பு போட்டுப் பார்க்கச் சொல்கிறது. குழு அமைந்ததும் துறையில் உள்ள எவரும் கருத்துத் தாள் அனுப்பலாம். கடந்த முறை 500க்கு மேல் வந்தன. அவற்றைப் படித்து வாதிட ஆறு துணைக்குழுக்கள் இருந்தன. புதனும் நிலாவும் ஒன்று, வெள்ளி ஒன்று, செவ்வாய் ஒன்று, சிறுகோள்–வால்மீன்கள் ஒன்று, கடல் உலகங்களும் குறுங்கோள்களும் ஒன்று, பெருங்கோள்கள் ஒன்று. இவற்றுக்கு மேலே வழிநடத்தும் குழு.

துணைக்குழுக்கள் பொறுக்கி எடுத்த பயணங்கள் சுயேச்சையான செலவு, தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குப் போகின்றன. அதில் தேறியவற்றை வைத்து வழிநடத்தும் குழு வரிசை போடுகிறது. வரைவைப் பெயர் வெளியிடாத மதிப்பாய்வாளர்கள் கிழித்துப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும்.

தன் கருவி, தன் கோள் என்று ஆசை உள்ளவர்கள்தானே குழுவிலும் இருப்பார்கள்?

ஆமாம், வேறு வழியில்லை. துறை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கோளில் பங்கு இருக்கும். உறுப்பினர்கள் தங்கள் தொடர்புகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பயணத்தை முன்மொழிந்தவர்களின் செலவுக் கணக்கை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. இந்த இரண்டாவது தடுப்புதான் உண்மையில் வேலை செய்கிறது.

எந்தக் கோள் என்று கேட்காமல் கேள்விப் பட்டியலோடு தொடங்குவது ஏன்?

கோள்வாரியாகத் தொடங்கினால் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கட்சி உருவாகிவிடும். 2022 குழு 12 அறிவியல் கேள்விகளை முதலில் எழுதி, எந்தப் பயணம் எத்தனை கேள்விக்கு எவ்வளவு ஆழமாகப் பதில் தரும் என்று பார்த்தது. சூரியனைச் சுற்றியிருந்த தொடக்ககால வட்டு எப்படி இருந்தது, பெருங்கோள்கள் எங்கே உருவாகி எங்கே நகர்ந்தன, பாறைக் கோள்களின் உட்பகுதி எப்படி மாறியது, உயிர் வாழத் தகுந்த சூழல் எங்கே எவ்வளவு காலம் நிலைத்தது, பூமிக்கு வெளியே உயிர் உண்டா என்று அவை போகும். கடைசிக் கேள்வி பிற விண்மீன்களின் கோள்களைப் பற்றியது.

ஒரு கேள்வி எப்படிக் கலமாக மாறுகிறது?

இதற்கு ஒரு அட்டவணை போடுவார்கள். இடது ஓரத்தில் அறிவியல் கேள்வி. அடுத்த நிரலில் அதற்கு வேண்டிய அளவீடு, துல்லியத்தோடு. அதற்கடுத்து அந்த அளவீட்டை எடுக்கும் கருவி. வலது ஓரத்தில் அந்தக் கருவி கலத்திடம் கேட்கும் வசதிகள்: எவ்வளவு நெருங்க வேண்டும், எவ்வளவு மின்சாரம், எத்தனை நாள். ஒரு வரிசையை இடமிருந்து வலம் படித்தால் எங்கும் அறுபடக் கூடாது. இடது பக்கத்தில் கேள்வியே இல்லாமல் நடுவில் வந்து உட்காரும் கருவிதான் முதலில் வெட்டுப்படும்.

யுரேனஸை எடுத்துக்கொள்வோம். கேள்வி: இந்தக் கோள் சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில், எப்படிப்பட்ட பொருளிலிருந்து உருவானது? இதற்குத் துப்பு கொடுப்பவை ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வாயுக்கள். வேதிவினையில் ஈடுபடாததால் உருவான காலத்து அளவை அவை அப்படியே வைத்திருக்கும். சிக்கல் என்னவென்றால், தொலைவிலிருந்து நிறமாலை எடுத்து இவற்றை அளக்க முடியாது. அணுக்களையும் மூலக்கூறுகளையும் எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி ஒன்றை வளிமண்டலத்துக்குள்ளேயே இறக்க வேண்டும். ஆக, சுற்றிவரும் கலம் மட்டும் போதாது. வெப்பக் கவசத்தோடு விழும் ஆய்வுக்கலமும் வேண்டும். அது விழும் நேரமெல்லாம் தாய்க்கலம் தலைக்கு மேல் இருந்து சமிக்ஞையை வாங்கி அனுப்ப வேண்டும். அதனால் தாய்க்கலத்தின் பாதையும் கட்டுப்படுகிறது. ஒரே ஒரு கேள்வி கலத்தின் பாதி வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதும் இந்த அட்டவணையில்தான் முடிவாகிறது. மந்த வாயுக்கள் நன்கு கலந்திருப்பதால் 1 பார் அழுத்தம் (ஏறத்தாழ பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தம்) வரை போனாலே அடிப்படை வேலை முடியும். 10 பார் வரை தாங்கினால் கூடுதல் லாபம். நீரின் அளவும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கதை மாறிவிடும். யுரேனஸில் நீர் மேகங்கள் அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் இருக்கின்றன. அந்த ஆசையை அடக்கியதால்தான் பயணம் கட்டுப்படியாகும் விலையில் நின்றது.

1995 டிசம்பர் 7 அன்று வியாழனுக்குள் இறங்கிய கலிலியோ ஆய்வுக்கலம் இதற்கு நல்ல பாடம். விநாடிக்கு சுமார் 47 கி.மீ. வேகத்தில் நுழைந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தகவல் அனுப்பி, ஏறத்தாழ 22 பார் அழுத்தம் வரை போனது. ஆர்கான், கிரிப்டான், செனான் மூன்றும் சூரியனில் உள்ள விகிதத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பதைக் கண்டது. ஆனால் அது விழுந்த இடம் வளி கீழிறங்கும் வறண்ட பகுதி. நீர் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, பின்னாளில் வியாழனைச் சுற்றிய ஜூனோ கலம் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஒரே ஒரு இடத்தில் எடுத்த அளவு, கலந்து பரவும் பொருளுக்குச் சரி. வானிலையைப் பொறுத்து மாறும் பொருளுக்குச் சரிவராது.

சரி, யுரேனஸுக்கு ஏன் முதலிடம்? நெப்டியூன் ஆகாதா?

அறிவியல் அளவில் நெப்டியூனும் சளைத்ததல்ல. அதன் நிலவு டிரைட்டனைக் கருதினால் சிலருக்கு அதுதான் முதல் தேர்வு. தீர்ப்பைத் தந்தது பொறியியல். யுரேனஸ் பயணத்தை இப்போதுள்ள ஃபால்கன் ஹெவி ஏவுகலத்திலேயே, புதிதாகப் பெரிய தொழில்நுட்பம் எதையும் கண்டுபிடிக்காமல் அனுப்ப முடியும் என்று மதிப்பீடு சொன்னது. செலவு சுமார் 420 கோடி டாலர்.

யுரேனஸை அருகில் பார்த்தது ஒரே ஒரு முறை, 1986 ஜனவரி 24 அன்று, வாயேஜர் 2 கடந்து போனபோது. பிற விண்மீன்களைச் சுற்றிக் கண்டுபிடிக்கப்பட்ட கோள்களில் ஏராளமானவை யுரேனஸ், நெப்டியூன் அளவை ஒட்டியவை. நம் வீட்டுக்குள் இருக்கும் மாதிரியைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைப் பற்றி என்ன பேசினாலும் அரைகுறைதான். யுரேனஸ் ஏன் உள்ளிருந்து இவ்வளவு குறைவான வெப்பத்தை வெளியிடுகிறது என்பதும் இன்னும் தீராத புதிர்.

நேரம் இங்கே முக்கியம். வியாழனின் ஈர்ப்பை உந்துதலாகப் பயன்படுத்த, இரு கோள்களும் சரியான அமைப்பில் இருக்க வேண்டும். வியாழன் சூரியனை ஏறத்தாழ 11.9 ஆண்டிலும் யுரேனஸ் 84 ஆண்டிலும் சுற்றுவதால், அந்த அமைப்பு சுமார் 13.8 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். 2031, 2032இல் ஏவினால் ஏறத்தாழ 13 ஆண்டில் போய்ச் சேரலாம். தவறவிட்டாலும் வேறு பாதைகள் உண்டு. ஆனால் காலம் கூடும், அல்லது எடை குறையும்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, பக்கவாட்டில் படுத்தபடி சுற்றுகிறது. வாயேஜர் போன சமயம் அதன் நிலவுகளின் தென்பாதியில்தான் வெயில். மிராண்டா, ஏரியல், டைட்டானியா எதற்கும் வடபாதியின் படம் நம்மிடம் இல்லை. 2050ஐ ஒட்டி அங்கே சம இரவு–பகல் வரும்; அதற்கு முன்பே போனால்தான் வடபாதி வெளிச்சத்தில் கிடைக்கும்.

இரண்டாமிடம் என்செலடஸுக்கு. சனியின் இந்த நிலவைச் சுற்றி வந்து பிறகு அதன் தென்முனையில் தரையிறங்கும் கலம். 2050களின் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தால் முனையில் வெளிச்சம் இருக்கும் என்பதை வைத்தே அதன் கால அட்டவணை போடப்பட்டது.

செலவு மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்?

முன்பெல்லாம் நம்பவே முடியாது. முன்மொழிபவர்கள் சொன்ன தொகையை அப்படியே எழுதி, பிறகு இரு மடங்கானதும் எல்லோரும் திகைப்பார்கள். 2011இலிருந்து ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன் என்ற சுயேச்சை அமைப்பு மதிப்பிட்டுக் கொடுக்கிறது. பழைய பயணங்கள் உண்மையில் எவ்வளவில் முடிந்தன என்பதோடு ஒப்பிட்டு, வடிவமைப்பு முதிர முதிர எடை கூடும், மின்சாரத் தேவை கூடும், காலம் நீளும், ஏவுகலம் ஒரு படி பெரிதாகும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை சேர்ப்பார்கள். கட்டுமானக் கட்டத்துக்கு 50 சதவீதம் வரை கையிருப்பு வைப்பதும் வழக்கம். பார்ப்பதற்கு அதிகமாகத் தெரியும். பழைய கணக்குகளைப் புரட்டினால் அதிகமில்லை என்று புரியும்.

2011இல் இது ஒரு குண்டையே போட்டது. யூரோபாவைச் சுற்றும் கலத்துக்கு 470 கோடி டாலர் என்று மதிப்பீடு வந்தது. அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எனவே செலவைக் குறைத்து, பட்ஜெட்டும் கூடினால் மட்டும் அனுப்புங்கள் என்றது அறிக்கை. பொறியாளர்கள் திரும்பப் போய் யோசித்தார்கள். யூரோபாவைச் சுற்றினால் வியாழனின் கதிர்வீச்சுப் பட்டையிலேயே கலம் கிடந்து மின்னணுவியல் சில மாதங்களில் செத்துவிடும். வியாழனைச் சுற்றிக்கொண்டே அவ்வப்போது யூரோபாவை உரசிப் பறந்து, வெளியே வந்து சாவகாசமாகத் தகவலை அனுப்பினால்? அப்படிப் பிறந்ததுதான் 49 முறை நெருங்கிப் பறக்கும் யூரோபா கிளிப்பர். 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பியது, 2030 ஏப்ரலில் வியாழனைச் சேரும். கடைசியில் அதன் மொத்தச் செலவும் 500 கோடியைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிடைக்கும் அறிவியல், பழைய திட்டத்தின் சில மாத ஆயுளில் கிடைத்திருக்கக்கூடியதோடு தாராளமாகப் போட்டி போடும்.

மதிப்பீட்டு மாதிரிகள் சரியாகப் பிடிக்காத ஒன்று ஆள் பற்றாக்குறை. சைக்கி என்ற சிறுகோளுக்குப் போகும் அதே பெயர்க் கலம் 2022இல் ஏவப்பட வேண்டியது. பறப்பு மென்பொருளின் சோதனை முடியாததால் 2023 அக்டோபருக்குப் போனது. காரணத்தை ஆராய்ந்த குழு, நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரத்தில் பல திட்டங்களுக்கு அனுபவசாலிகள் போதவில்லை என்றது. அதன் விளைவாகத் தள்ளிப்போனது சைக்கி மட்டுமல்ல. சம்பந்தமே இல்லாத வெள்ளிப் பயணமான வெரிடாஸும்தான்.

பணம் குறைந்தால் வரிசையில் கடைசியில் உள்ளதை வெட்டிவிடுவார்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் நல்ல அறிக்கைக்குள் வரிசையைவிட முக்கியமான ஒன்று இருக்கும்: முடிவு விதிகள். இன்னது நடந்தால் இன்னதை விடு, இன்னதைத் தொடாதே என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அறிக்கை படிப்பவர்கள் முதலில் இந்தப் பக்கங்களுக்குப் போவது நல்லது.

2011 விதி தெளிவாக இருந்தது. பணம் குறைந்தால் முதலில் பெரும் பயணங்களைச் சுருக்கு அல்லது தள்ளிப்போடு; சிறு, நடுத்தரப் பயணங்களில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்; ஆராய்ச்சி நிதியையும் தொழில்நுட்ப வளர்ச்சியையும் காப்பாற்று. செவ்வாய் ரோவருக்கு விலையும் குறித்திருந்தார்கள். மதிப்பீடு சுமார் 350 கோடி வந்தது; 250 கோடிக்குள் கொண்டுவர முடியாவிட்டால் தள்ளிப்போடு அல்லது கைவிடு. முதலிடத்தில் இருந்த பயணத்துக்கே இந்தக் கெடுபிடி! அந்த அழுத்தத்தில்தான் முந்தைய ரோவரான கியூரியாசிட்டியின் வடிவமைப்பையும் மிச்ச உதிரிகளையும் வைத்து பெர்செவரன்ஸ் ரோவர் உருவானது.

2022 அறிக்கை இரண்டு பட்ஜெட்டுகளுக்குத் திட்டம் போட்டது. ஒன்று இருக்கும் நிலையிலேயே தொடரும் பட்ஜெட். மற்றது பத்தாண்டில் 17.5 சதவீதம் கூடுதலானது. தாராளமான திட்டத்தில் யுரேனஸ் வேலை 2024 நிதியாண்டில் தொடங்கும்; சிக்கனமான திட்டத்தில் பல ஆண்டுகள் பிந்தும். ஆராய்ச்சி நிதிக்கு ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 10 சதவீதம் என்றும் கேட்டது.

அப்படியானால் செவ்வாய் மண் கொண்டுவரும் திட்டம் ஏன் தடுமாறியது?

பெர்செவரன்ஸ் 2021 பிப்ரவரியில் செவ்வாயின் ஜெஸிரோ பள்ளத்தில் இறங்கி, அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து பாறை மாதிரிகளைக் குழாய்களில் அடைத்து வருகிறது. 2024 ஜூலையில் எடுத்த ஒரு மாதிரியில் பழங்கால நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கக்கூடிய அம்சங்கள் தென்பட்டன. அதை உறுதி செய்யப் பூமியின் ஆய்வுக்கூடம் தேவை. எனவே அறிவியல் காரணத்தில் குறை இல்லை.

குறை விதியில். மாதிரிகளைக் கொண்டுவர 2022 அறிக்கை 530 கோடி டாலரைக் கணக்கில் வைத்தது. செலவு 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால், அல்லது ஏதாவது ஓர் ஆண்டில் கோள் அறிவியல் பட்ஜெட்டில் ஏறத்தாழ 35 சதவீதத்தைத் தாண்டினால், நாசா அரசிடம் கூடுதல் பணம் கேட்க வேண்டும் என்றது. கூடுதல் பணம் கிடைக்காவிட்டால்? அதற்கு 2011இல் இருந்ததுபோல் கறாரான பதில் இல்லை. 2023 செப்டம்பரில் சுயேச்சைக் குழு 800 முதல் 1,100 கோடி வரை ஆகும் என்றது. 2024 ஏப்ரலில் நாசாவே 1,100 கோடி, மாதிரிகள் வர 2040 ஆகும், இது ஏற்கத்தக்கதல்ல என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், பட்ஜெட் தெளிவில்லாததால் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் சுமார் 530 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. வெள்ளை மாளிகையின் 2025 மே மாத பட்ஜெட் முன்மொழிவு திட்டத்தையே ரத்து செய்யச் சொன்னது. நாசாவின் மொத்த அறிவியல் நிதியையும் ஏறத்தாழ 730 கோடியிலிருந்து 390 கோடியாகக் குறைக்கச் சொன்னது. அத்தகைய வெட்டுக்கு 2022இன் இரண்டு திட்டங்களிலும் இடமே இல்லை.

சிறு, நடுத்தரப் பயணங்களையும் அறிக்கைதான் தேர்ந்தெடுக்கிறதா?

சிறு பயணங்களான டிஸ்கவரி வகையை இல்லை. எந்தக் கோளுக்கும் யாரும் முன்மொழியலாம், நாசா போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும். நடுத்தர வகையான நியூ ஃபிரான்டியர்ஸில் அறிக்கை தலைப்புகளை மட்டும் தரும்; அவற்றுக்குள் போட்டி. நியூ ஹொரைசன்ஸ், ஜூனோ, ஒசைரிஸ்-ரெக்ஸ், டிராகன்ஃப்ளை நான்கும் இப்படி வந்தவை.

2022 அறிக்கை இதில் ஒரு பழைய அநியாயத்தைச் சரிசெய்யப் பார்த்தது. முன்மொழிவுக்கான செலவு உச்சவரம்பில் பயணகாலச் செலவும் சேர்ந்தால், சனிக்கோ அதற்கப்பாலோ போகும் முன்மொழிவு பத்தாண்டு சும்மா மிதந்து போவதற்கே தண்டம் கட்ட வேண்டியிருக்கும். எனவே வரம்பை 165 கோடியாக வைத்து, அமைதியான பயண ஆண்டுகளைத் தனிக் கணக்காக்கச் சொன்னது. வரம்பு வைத்தால் மட்டும் செலவு அடங்கிவிடாது. டைட்டனுக்குப் போகும் டிராகன்ஃப்ளை 2024இல் 335 கோடி டாலருக்கு உறுதி செய்யப்பட்டது. முன்மொழிந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நிதி தாமதத்தால் அடிக்கடி திட்டம் மாற்றியதும் கோவிட் காலமும் அதற்குப் பெரிய காரணங்கள்.

புளூட்டோனியம் பற்றி அறிக்கை இவ்வளவு கவலைப்படுவது ஏன்?

யுரேனஸில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 3.7 வாட், பூமியருகே 1,361. வியாழனில் 450 வாட் போலத் தரும் ஜூனோவின் மூன்று பெரிய இறக்கைகளை அங்கே கொண்டுபோனால் முப்பத்துச் சொச்சம் வாட்தான் தேறும். எனவே புளூட்டோனியம்-238இன் சிதைவு வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் வழி. அதன் அரைஆயுள் 87.7 ஆண்டு. பெர்செவரன்ஸில் உள்ள வகைக்கு 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு வேண்டும். கிளம்பும்போது கிடைப்பது சுமார் 110 வாட்.

அமெரிக்கா இதன் உற்பத்தியை 1980களின் இறுதியில் நிறுத்தி, 2015இல் 50 கிராமோடு மறுபடி தொடங்கியது. ஆண்டுக்கு 1.5 கிலோ என்பது இலக்கு. டிராகன்ஃப்ளை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; யுரேனஸ் அதைவிட நிறையக் கேட்கும். யுரேனஸ் பயணம் 2030களின் நடுப்பகுதிக்கோ பிற்பகுதிக்கோ தள்ளிப்போகும் என்று நாசா சொன்னதற்குப் புளூட்டோனிய இருப்பும் ஒரு காரணம். மேலே சொன்ன வியாழன் அமைப்பு அதற்காகக் காத்திருக்காது.

பூமியை மோதக்கூடிய சிறுகோள்களும் இந்த வரிசையில் வருமா?

2022இல் முதன்முறையாகத் தனிப் பகுதியாக வந்தது. முதல் வேலை, நியோ சர்வேயர் தொலைநோக்கியை முடித்து ஏவுவது. 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற 2005 சட்ட இலக்குக்கு அதுதான் கருவி. அடுத்தது, 50–100 மீட்டர் அளவுள்ள ஒன்றை விரைவாகப் போய்ப் பார்த்துவரும் ஒத்திகைப் பயணம். அந்த அளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு 2024 ஒய்ஆர்4 பதில் சொன்னது. 2024 டிசம்பர் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட, சுமார் 60 மீட்டர் அகல சிறுகோள் அது. 2032இல் பூமியை மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, பிறகு ஏறக்குறைய இல்லாமல் போனது.

மனிதர்கள் நிலாவுக்குப் போவது அறிவியலுக்கு உதவுமா?

தானாக உதவாது. எங்கே இறங்குவது, எவ்வளவு எடையைத் திருப்பிக் கொண்டுவருவது என்பதை அறிவியல் கேட்டால்தான் உதவும். அறிக்கையின் யோசனை என்டூரன்ஸ்-ஏ என்ற ரோவர். நிலாவின் மறுபக்கத்தில் உள்ள பெரும் பள்ளமான தென்துருவ–எய்ட்கென் படுகையில் சுமார் 2,000 கி.மீ. ஓடி, ஏறத்தாழ 100 கிலோ மாதிரி சேர்த்து விண்வெளி வீரர்களிடம் ஒப்படைக்கும். ஒப்பிட, அதே படுகையிலிருந்து சீனாவின் சாங்'இ-6 கொண்டுவந்தது 1,935.3 கிராம்.

ஐரோப்பாவும் சீனாவும் எப்படி முடிவெடுக்கின்றன?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் அறிவியல் திட்டத்துக்கு உறுப்பு நாடுகள் தேசிய வருமானத்துக்கு ஏற்பக் கட்டாயமாகப் பணம் கட்டுகின்றன. அதனால் தொகை குறைவானாலும் ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் காண்பதில்லை. 2050 வரைக்கான திட்டத்தில் பெருங்கோள்களின் நிலவுகளைத் தலைப்பாக வைத்து, 2024இல் நிபுணர் குழு என்செலடஸைச் சுட்டியது. அமெரிக்க வரிசையில் இரண்டாவதாக நிற்கும் அதே நிலவு! இருவரும் பேசிப் பங்கு பிரித்துக்கொள்ளாவிட்டால் வீண் செலவு. சீனா 2024 அக்டோபரில் 2050 வரைக்கான தேசிய விண்வெளி அறிவியல் திட்டத்தை வெளியிட்டது. செவ்வாய் மாதிரிக்கான தியான்வென்-3ஐ 2028 வாக்கில் ஏவப்போவதாகச் சொல்கிறது.

இஸ்ரோவுக்கு இப்படி ஓர் அறிக்கை உண்டா?

இந்த வடிவில் இல்லை. இஸ்ரோ பயணத்தை அறிவித்து, கருவிகளுக்கு முன்மொழிவு கேட்டு, ஆலோசனைக் குழுவைக் கொண்டு வடிகட்டுகிறது. பணத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். 2024 செப்டம்பர் 18 அன்று வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு 1,236 கோடி ரூபாயும், நிலா மண் கொண்டுவரும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி ரூபாயும் ஒப்புதலானது இப்படித்தான். முடிவு வேகமாக வரும். ஆனால் கலம் முதலில், கேள்வி பிறகு என்று ஆகிவிடும் அபாயமும் உண்டு. எடை ஒதுக்கீடு முடிவான பிறகு கருவிக்காரர்களைக் கூப்பிட்டால், அவர்கள் பெட்டிக்குள் அடங்குவதைத்தான் கொண்டுவருவார்கள். சந்திரயான்-1இல் வெளிநாட்டுக் கருவிகளுக்கும் இடம் கொடுத்தது நல்ல முன்னுதாரணம். நாசாவின் நிறமாலைமானி அதில் ஏறியதால்தான் 2009இல் நிலாப் பரப்பில் நீர், ஹைட்ராக்சில் தடயம் உறுதியானது.

அடுத்த அறிக்கைக்கு நான் கருத்துத் தாள் அனுப்பலாமா? எப்படி எழுதுவது?

அனுப்பலாம். கடந்த முறை அழைப்பு 2020இல் வந்தது. அடுத்த அறிக்கைக்கான வேலை 2030ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன், ஐந்தாண்டு கழித்து முன்னேற்றத்தைச் சரிபார்க்கும் இடைக்கால மதிப்பாய்வும் சட்டப்படி உண்டு.

எழுதும்போது முதல் பத்தியிலேயே ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். எந்த அளவீடு, எந்தத் துல்லியத்தில் வந்தால் அது தீரும் என்று எண்ணோடு எழுதுங்கள். வெப்பநிலை அளக்க வேண்டும் என்று விட்டுவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை கெல்வின் பிழைக்குள், எந்த அழுத்த மட்டத்தில் என்பது வேண்டும். ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் கலம் எதுவும் அதைத் தராது என்பதையும் காட்டுங்கள், ஏனென்றால் படிப்பவர் முதலில் தேடும் ஓட்டை அதுதான். கருவியின் எடை, மின்சாரம், தகவல் அளவு மூன்றையும் தோராயமாகவாவது சொல்லுங்கள். பாதி எடைதான் கிடைக்கும் என்றால் எதை விடுவீர்கள் என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். பெரும்பாலானோர் அதை எழுதாமல் அனுப்புகிறார்கள். குழு அந்த வெட்டைத் தானே போடுகிறது, நீங்கள் காப்பாற்ற நினைத்த பகுதியிலேயே.